தோற்றவருக்கும் நாளை ஓர் ஆட்டம்

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தில் இத்தாலியின் டூரின் நகரில் எட்டு டென்னிஸ் வீரர்கள் கூடுகிறார்கள். ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் தொடங்கி பல நாடுகளில், பல வகைத் தரைகளில் நடந்த போட்டிகளில் அந்த ஆண்டு அதிகப் புள்ளிகள் சேர்த்த எட்டுப் பேர் இவர்கள். ஆண்டின் கடைசிப் பெரிய போட்டி அவர்களுக்கு மட்டும் நடக்கிறது. இன்று அதன் பெயர் ஏ.டி.பி. ஃபைனல்ஸ். முன்பு மாஸ்டர்ஸ் என்றார்கள். இடையில் வேறு சில பெயர்களும் இருந்தன.

விம்பிள்டன் அளவுக்கு இந்தப் போட்டி நம் ஊரில் பேசப்படுவதில்லை. ஆசிரியர் ஓய்வறையில் இதன் பெயரைச் சொன்னால், "அது என்ன டீச்சர்?" என்றுதான் கேட்பார்கள். ஆனால் கணிதம் நடத்துகிற எனக்கு விம்பிள்டனைவிட இதில்தான் ஈடுபாடு அதிகம். காரணம் ஒன்றே ஒன்று. இங்கே முதல் ஆட்டத்தில் தோற்றவர் பெட்டியைக் கட்ட வேண்டியதில்லை.

மற்ற டென்னிஸ் போட்டிகள் பெரும்பாலும் நாக்-அவுட் முறையில் நடப்பவை. விம்பிள்டனில் ஆண்கள் ஒற்றையர் பிரிவில் 128 பேர் ஆடுகிறார்கள். முதல் சுற்று முடிந்ததும் 64 பேர் வெளியே போய்விடுவார்கள். 1997 முதல் 2017 வரை சென்னை நுங்கம்பாக்கத்தில் நடந்த சென்னை ஓபனும் அதே முறைதான். நம்முடைய குறுவட்டப் போட்டிகளிலும் குழு விளையாட்டுகள் பெரும்பாலும் அப்படியே நடக்கின்றன. விடியற்காலையில் பேருந்து பிடித்து, சீருடையைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு வந்து சேர்கிற பெண்கள் அணி ஒன்பதரை மணிக்குக் களம் இறங்கி, பத்து மணிக்குத் தோற்று, மாலை வரை மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஓர் ஆண்டு முழுவதும் செய்த பயிற்சிக்கு அந்த அரை மணி நேரம்தான் கணக்கு. உடற்கல்வி ஆசிரியர்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

டூரினில் என்ன செய்கிறார்கள்? எட்டுப் பேரையும் நான்கு நான்கு பேராக இரண்டு பிரிவாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொருவரும் தம் பிரிவில் உள்ள மற்ற மூவரோடும் ஒருமுறை ஆட வேண்டும். பிரிவில் முதல் இரண்டு இடம் பெறுபவர்கள் அரையிறுதிக்குப் போவார்கள். ஒரு பிரிவின் முதல்வர், மறு பிரிவின் இரண்டாமவரைச் சந்திப்பார். அதன் பிறகு வழக்கமான நாக்-அவுட்தான். பாதி லீக், பாதி நாக்-அவுட் என்று வைத்துக்கொள்ளலாம்.

எத்தனை ஆட்டங்கள் என்பதைக் குழந்தைகளே கணக்கிட்டுவிடுவார்கள். எட்டுப் பேருக்கு நாக்-அவுட் என்றால் 7 ஆட்டங்கள். ஓர் ஆட்டத்துக்கு ஒருவர் வெளியேற வேண்டும், ஏழு பேர் வெளியேறினால் ஒருவர் மிஞ்சுவார், சூத்திரமே தேவையில்லை. எல்லோரும் எல்லோரோடும் ஆடும் முழு லீக் என்றால் 8 × 7 ÷ 2, அதாவது 28 ஆட்டங்கள். டூரின் முறையில் ஒரு பிரிவுக்கு 6 வீதம் 12, அரையிறுதி 2, இறுதி 1, ஆக 15. ஏழுக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவில் ஒரு சமரசம்.

தொடக்கத்தில் இந்தச் சமரசம் இல்லை. 1970 டிசம்பரில் டோக்கியோவில் முதல் மாஸ்டர்ஸ் நடந்தபோது ஆறு பேர்தான் ஆடினார்கள். முழு லீக்; 6 × 5 ÷ 2 = 15 ஆட்டங்கள். இறுதி ஆட்டம் என்று தனியாக ஒன்று கிடையாது. அமெரிக்காவின் ஸ்டான் ஸ்மித், ஆஸ்திரேலியாவின் ராட் லேவர் இருவரும் ஐந்தில் நான்கு வெற்றி பெற்று சமமாக நின்றார்கள். இருவரும் தங்களுக்குள் மோதிய ஆட்டத்தில் ஸ்மித் வென்றிருந்ததால் பட்டம் அவருக்குப் போனது. அடுத்த ஆண்டு பாரிஸில் ஏழு பேர், 21 ஆட்டங்கள். 1972-இல் பார்சிலோனாவில்தான் இரண்டு பிரிவு, அரையிறுதி, இறுதி என்ற இன்றைய வடிவம் வந்தது. அதன் பிறகு போட்டி பல நகரங்களுக்குக் குடிபெயர்ந்தது. 1977 முதல் 1989 வரை நியூயார்க், பிறகு ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட், ஹனோவர், பின்னர் ஷாங்காய், 2009 முதல் 2020 வரை லண்டன், 2021 முதல் டூரின்.

"ஒரு ஆட்டத்துல தோத்தவர் எப்படி டீச்சர் கப் வாங்க முடியும்?" என்று எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். அவளுக்குச் சொன்ன பெயர்களை இங்கேயும் சொல்கிறேன்.

1994-இல் பீட் சாம்ப்ராஸ் பிரிவு ஆட்டத்தில் போரிஸ் பெக்கரிடம் தோற்றார். இறுதியில் அதே பெக்கரை வென்று பட்டம் பெற்றார். 1996-இல் அப்படியே மறுபடியும் நடந்தது. பெக்கரின் சொந்த நாட்டில், ஐந்து செட் வரை நீண்ட இறுதி ஆட்டம் அது. 1999-இல் ஆந்த்ரே அகாசி பிரிவு ஆட்டத்தில் சாம்ப்ராஸை 6-2, 6-2 என்று நசுக்கினார். சில நாட்கள் கழித்து இறுதியில் சாம்ப்ராஸ் மூன்று நேர் செட்களில் அகாசியை வென்றார். 2000-இல் லிஸ்பனில் பிரேசிலின் குஸ்டாவோ கூர்ட்டென் முதல் ஆட்டத்தில் அகாசியிடம் தோற்று, இறுதியில் அதே அகாசியை வென்று, அந்த ஆண்டை உலகின் முதல் இடத்தில் முடித்தார். 2018-இலும் 2021-இலும் அலெக்சாண்டர் ஸ்வெரெவ் இதையே செய்தார். முதலில் தம்மை வீழ்த்திய ஜோகோவிச்சையும், மூன்று ஆண்டுகள் கழித்து மெத்வதேவையும் இறுதியில் வென்றார்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 2005-ஆம் ஆண்டு ஷாங்காயில் நடந்தது. அர்ஜென்டினாவின் டேவிட் நல்பாந்தியன் அந்த ஆண்டு முதல் எட்டு இடங்களுக்குள் இல்லை. ஆண்டு முடிந்தது என்று சொந்த ஊரில் மீன்பிடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தவரை, தகுதி பெற்றவர்கள் சிலர் காயத்தால் விலகிவிட்டார்கள், நீங்கள் வாருங்கள் என்று அழைத்தார்கள். வந்தார். முதல் ஆட்டத்திலேயே உலகின் முதல்நிலை வீரர் ரோஜர் ஃபெடரரிடம் தோற்றார். நாக்-அவுட்டாக இருந்தால் மறுநாளே மீன்பிடிக்கத் திரும்பியிருக்கலாம். இங்கே இன்னும் இரண்டு ஆட்டங்கள் மிச்சம் இருந்தன. இறுதி வரை வந்துவிட்டார். எதிரே மறுபடியும் ஃபெடரர். அதற்கு முன் தொடர்ந்து 24 இறுதி ஆட்டங்களில் வென்றிருந்த ஃபெடரர், முதல் இரண்டு செட்களையும் எடுத்துவிட்டார். அதன் பிறகு நல்பாந்தியன் மூன்று செட்களைத் தொடர்ச்சியாக வென்றார். ஐந்தாவது செட் டை-பிரேக்கில் முடிந்தது.

இதைப் போலவே விசித்திரமான ஒன்று 1975-இல் ஸ்டாக்ஹோமில் நடந்தது. ருமேனியாவின் இலி நஸ்தாசே திறமைக்கும் குறும்புக்கும் ஒருசேரப் பெயர் பெற்றவர். பிரிவு ஆட்டத்தில் ஆர்தர் ஆஷுக்கு எதிராகத் தோற்கிற நிலையில், வேண்டுமென்றே தாமதம் செய்து சீண்டினார். பொறுமைக்குப் பெயர்போன ஆஷ் பொறுக்க முடியாமல் மட்டையை எடுத்துக்கொண்டு களத்தைவிட்டே வெளியேறிவிட்டார். கடைசியில் நஸ்தாசேவைத் தகுதிநீக்கம் செய்து, ஆட்டத்தை ஆஷுக்குக் கொடுத்தார்கள். ஆனால் நீக்கம் அந்த ஓர் ஆட்டத்துக்குத்தான். மீதி ஆட்டங்களில் வென்று, இறுதியில் பியான் போர்க்கை 6-2, 6-2, 6-1 என்று வீழ்த்திப் பட்டம் பெற்றவர் அதே நஸ்தாசே. தவறுக்குத் தண்டனையும் கிடைத்தது, திரும்பி வர வழியும் இருந்தது. ஆஷின் இடத்தில் இருந்து பார்த்தால் இது நியாயமா என்பது வேறு கேள்வி. என் வகுப்பில் பாதிப் பேர் நியாயம் என்றார்கள், பாதிப் பேர் இல்லை என்றார்கள்.

இனி கணக்குக்கு வருகிறேன். லீக் முறையின் முதல் சிக்கல், சமநிலை. இரண்டு பேர் சமமாக நின்றால் பிரச்சினை இல்லை. 1970-இல் செய்தது போல, இருவரும் மோதிய ஆட்டத்தில் யார் வென்றார் என்று பார்த்தால் போதும். மூன்று பேர் சமமாக நின்றால்? 2009-இல் லண்டனில் அதுதான் நடந்தது. வகுப்பறைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

டென்னிஸ் எண்ணிக்கை தெரியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஆறு கேம்களை முதலில் எடுப்பவர் ஒரு செட்டை வெல்வார். ஆனால் இரண்டு கேம் வித்தியாசம் வேண்டும். அதனால் சில செட்கள் 7-5 என்று முடியும். 6-6 ஆனால் டை-பிரேக் ஆடி 7-6 என்று முடிப்பார்கள். இந்தப் போட்டியில் இரண்டு செட்களை முதலில் வெல்பவருக்கு ஆட்டம். அவ்வளவு தெரிந்தால் போதும்.

அந்தப் பிரிவில் ஃபெடரர், ஆண்டி மர்ரே, ஹுவான் மார்ட்டின் தெல் போத்ரோ, ஃபெர்னாண்டோ வெர்தாஸ்கோ ஆகிய நால்வர் இருந்தார்கள். வெர்தாஸ்கோ மூன்றிலும் தோற்றார். மற்ற மூவருக்குள், மர்ரே தெல் போத்ரோவை வென்றார். தெல் போத்ரோ ஃபெடரரை வென்றார். ஃபெடரர் மர்ரேயை வென்றார். மூவருக்கும் இரண்டு வெற்றி, ஒரு தோல்வி. குழந்தைகள் கை நீட்டி விளையாடும் கல், காகிதம், கத்தரிக்கோல் போல ஒரு வட்டம். யார் யாரை வென்றார் என்று பார்த்துத் தீர்க்க வழியே இல்லை. அடுத்து, வென்ற செட்களின் சதவீதம் பார்க்க வேண்டும். மூவரும் 5 செட் வென்று 4 செட் தோற்றிருந்தார்கள். அங்கும் சமம்! அடுத்த விதி, வென்ற கேம்களின் சதவீதம்.

கரும்பலகையில் இந்த மூன்று வரிகளை எழுதிவிட்டு நான் ஓரமாக நின்றுகொள்வேன்.

ஃபெடரர்: வென்ற கேம்கள் 44, இழந்தவை 40.
தெல் போத்ரோ: வென்றவை 45, இழந்தவை 43.
மர்ரே: வென்றவை 44, இழந்தவை 43.

யார் இருவர் அரையிறுதிக்குப் போக வேண்டும்? வகுப்பில் முதலில் வருகிற பதில், "தெல் போத்ரோதான் முதலிடம், அவர்தான் 45 கேம் எடுத்திருக்கிறார்" என்பது. அப்போதுதான் சதவீதத்தின் தேவை புரிகிறது. ஃபெடரர் 84-க்கு 44, அதாவது 52.38 சதவீதம். தெல் போத்ரோ 88-க்கு 45, 51.14 சதவீதம். மர்ரே 87-க்கு 44, 50.57 சதவீதம். எண்ணிக்கையில் முதலில் இருந்தவர் சதவீதத்தில் இரண்டாம் இடம். மர்ரே வெளியே. அதுவும் யாரை நேரடியாக வென்றாரோ அந்தத் தெல் போத்ரோ உள்ளே போக, இவர் வெளியே போனார். அன்று ஆடிய ஃபெடரருக்கும் தெல் போத்ரோவுக்குமே, கடைசிப் பந்து முடிந்து கை குலுக்கியபோது, யார் தகுதி பெற்றார் என்று தெரியவில்லை. கணக்குப் போட்டுத்தான் அறிவித்தார்கள்.

இன்னும் ஒரு படி போகலாம். அந்தக் கடைசி ஆட்டத்தில் தெல் போத்ரோ 6-2, 6-7, 6-3 என்று வென்றார். மூன்றாவது செட்டை 6-3 என்று முடிக்காமல் 6-4 என்று முடித்திருந்தால்? தெல் போத்ரோவின் கணக்கு 45-44 ஆகியிருக்கும். 45/89 பெரியதா, 44/87 பெரியதா? பார்வைக்குத் தெரியாது. குறுக்குப் பெருக்கல் செய்யச் சொல்லுங்கள். 45 × 87 = 3915. 44 × 89 = 3916. ஒரே ஓர் எண் வித்தியாசத்தில் மர்ரே உள்ளே போயிருப்பார்! தாம் ஆடாத ஓர் ஆட்டத்தில், வேறு ஒருவர் கூடுதலாக எடுக்க வேண்டியிருந்த ஒரே ஒரு கேமுக்காக மர்ரே ஊர் திரும்பினார். தெல் போத்ரோ அரையிறுதியையும் வென்று இறுதி ஆட்டம் வரை போனார்.

அந்தக் கற்பனைக் கணக்கில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. 45-44, 44-43 இரண்டிலும் வித்தியாசம் ஒன்றுதான். வென்றதிலிருந்து இழந்ததைக் கழித்துப் பார்ப்பது ஒரு விதி, சதவீதம் பார்ப்பது வேறொரு விதி, வென்ற எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது மூன்றாவது விதி. மூன்றும் மூன்று விடை தரலாம். 'எது சரியான விதி?' என்று குழந்தைகளிடம் கேட்டால் நல்ல விவாதம் நடக்கும். விகிதமுறு எண்களை ஒப்பிடும் பாடத்துக்கும், எட்டாம் வகுப்பு வாழ்வியல் கணிதத்துக்கும் இது பொருந்தும். புத்தகத்தில் வருகிற லாபம், தள்ளுபடிக் கணக்குகளைப் போடாமல் நழுவுகிற பையன்கள்கூட இதைப் போட்டு முடிக்கிறார்கள்.

உயர்நிலை வகுப்புகளுக்கு வேறொரு கணக்கு. நால்வர் பிரிவில் ஆறு ஆட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முடிவுகள். மொத்தம் 64 வழிகள். இவற்றில் 3, 2, 1, 0 என்று வெற்றிகள் தெளிவாக அமைவது 24 வழிகளில். 2, 2, 1, 1 என்று அமைவது இன்னொரு 24. 2, 2, 2, 0 என்று மூவர் மேலே சமமாவது 8. 3, 1, 1, 1 என்று மூவர் கீழே சமமாவது 8. ஆக, எல்லா முடிவுகளுக்கும் சம வாய்ப்பு என்று கொண்டால், நான்கில் ஒரு பங்கு நேரம் மும்முனைச் சமநிலை வரும். அந்த 3, 1, 1, 1 வகையும் நடந்திருக்கிறது. 2016-இல் மர்ரே மூன்றையும் வெல்ல, மற்ற மூவரும் தலா ஒன்று வென்றார்கள். ஒரே ஒரு வெற்றியோடு ஜப்பானின் கெய் நிஷிகோரி அரையிறுதிக்குப் போனார். அங்கே ஜோகோவிச் அவரை 6-1, 6-1 என்று அனுப்பிவைத்தார்.

லீக் முறைக்கு இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் ஒருபக்கமாகப் பேசியவள் ஆவேன். தோற்றாலும் பரவாயில்லை என்கிற ஆட்டத்தில் ஒருவர் ஏன் முழு மூச்சோடு ஆட வேண்டும்?

1981 ஜனவரி. நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். முந்தைய ஆண்டுக்கான மாஸ்டர்ஸ் அப்போதுதான் நடந்தது. ஒரு பிரிவில் ஜிம்மி கானர்ஸும் இருபது வயது இவான் லெண்டிலும் அரையிறுதியை ஏற்கெனவே உறுதி செய்துவிட்டு, கடைசி ஆட்டத்தில் மோதினார்கள். மறு பிரிவில் போர்க் இரண்டாம் இடத்தில் இருந்தார். அதாவது, இந்த ஆட்டத்தில் வெல்பவர் அரையிறுதியில் போர்க்கைச் சந்திக்க வேண்டும். தோற்பவருக்கு எளிதான எதிராளி. லெண்டில் முதல் செட்டை 6-7 என்று இழந்தார். இரண்டாவது செட்டில் 1-6 என்று சரிந்தார். வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தார் என்ற பேச்சு எழுந்தது. கானர்ஸ் வெளிப்படையாகவே அவரைக் கோழை என்று சாடினார். லெண்டில் அரையிறுதியை வென்றார். கானர்ஸ் போர்க்கிடம் தோற்றார். இறுதியில் லெண்டில் யாரைத் தவிர்த்தார் என்று பேசப்பட்டதோ அந்தப் போர்க்கே எதிரில் வந்து நின்று, நேர் செட்களில் அவரை வென்றார்.

1982-ஆம் ஆண்டுக்கான போட்டியிலிருந்து பிரிவு ஆட்டங்களைக் கைவிட்டு, 12 பேர், பிறகு 16 பேர் என்று நாக்-அவுட் முறைக்குப் போனார்கள். நான்கு ஆண்டுகள் அப்படி நடந்தது. 1986-இல் மறுபடியும் எட்டுப் பேர், இரண்டு பிரிவு என்று திரும்பிவிட்டார்கள். ஆண்டு முழுவதும் உழைத்துத் தகுதி பெற்றவரை ஓர் ஆட்டத்தோடு அனுப்புவது இந்தப் போட்டிக்குப் பொருந்தாது என்பதே என் எண்ணமும். திரும்பி வந்த முறையில் அந்த ஆண்டு ஒரு செட்கூட இழக்காமல் பட்டம் வென்றவர் யார் தெரியுமா? அதே லெண்டில்தான்.

சிக்கல் இருக்கிறது என்பதற்காக முறையைத் தூக்கி எறியாமல், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனி மதிப்பு வைத்தார்கள். இன்று பிரிவில் ஒவ்வொரு வெற்றிக்கும் 200 தரவரிசைப் புள்ளிகள். அரையிறுதி வெற்றிக்கு 400. இறுதி வெற்றிக்கு 500. எல்லாவற்றையும் வென்றவருக்கு 1500. ஒன்றில் தோற்றுப் பட்டம் பெற்றவருக்கு 1300. பிரிவு வெற்றிகளுக்குத் தனியாகப் பரிசுத்தொகையும் உண்டு. சென்னை ஓபன் போன்ற ஒரு போட்டியில் வாரம் முழுவதும் ஆடிப் பட்டமே வென்றால் கிடைப்பது 250 புள்ளிகள் என்பதை வைத்துப் பார்த்தால், அந்த 200-இன் கனம் புரியும். முடிவு தெரிந்த ஆட்டத்திலும் தோற்பதற்கு விலை உண்டு.

ஆனாலும் புள்ளிகளும் பணமும் மட்டுமே ஒருவரை முழுமையாக ஆட வைத்துவிடும் என்று நான் நம்பவில்லை. 2023-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். டூரினில் சொந்த நாட்டு ரசிகர்களுக்கு முன் ஆடிய யானிக் சின்னர், பிரிவு ஆட்டத்தில் ஜோகோவிச்சை வென்றுவிட்டார். கடைசி நாள் மதியம் ஜோகோவிச் தம் ஆட்டத்தில் ஒரு செட்டை இழந்து வென்றார். அந்தக் கணமே சின்னருக்கு அரையிறுதி உறுதியானது. இரவு சின்னருக்கும் டென்மார்க்கின் ஹோல்கர் ரூனேவுக்கும் ஆட்டம். ரூனே வென்றால் ஜோகோவிச் வெளியேறுவார். சின்னர் வென்றால் ஜோகோவிச் உள்ளே வருவார். அப்போது ஆறு முறை இந்தப் பட்டத்தை வென்றிருந்த மனிதரைப் போட்டியிலிருந்தே அனுப்ப, சின்னர் கொஞ்சம் தளர்வாக ஆடியிருந்தால் போதும். மூன்று செட் வரை நீண்ட ஆட்டத்தை 6-2, 5-7, 6-4 என்று சின்னர் வென்றார். உள்ளே வந்த ஜோகோவிச், இறுதியில் அதே சின்னரை 6-3, 6-3 என்று தோற்கடித்து ஏழாவது பட்டத்தைப் பெற்றார்.

இந்தக் கதையை வகுப்பில் பாதியில், ரூனேவுடனான ஆட்டம் தொடங்கும் இடத்தில், நிறுத்திவிட்டு, 'நீங்கள் சின்னராக இருந்தால்?' என்று கேட்டேன். நேர்மையான பதில்கள் வந்தன. எல்லாம் நமக்குப் பிடித்த பதில்கள் அல்ல. "தோத்துடுவேன் டீச்சர், அவரு ரொம்ப டேஞ்சர்" என்றான் ஒருவன். பின்வரிசையில் இருந்து, "வந்து பாத்தவங்க டிக்கெட் எடுத்துதானே வந்தாங்க?" என்று ஒரு குரல். அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுத்த ஆண்டு, 2024-இல், அதே டூரினில் சின்னர் ஒரு செட்கூட இழக்காமல் பட்டம் வென்றார் என்ற செய்தியை மட்டும் மறுநாள் சொன்னேன். 1986-இல் லெண்டில் செய்ததற்குப் பிறகு அப்படி வென்ற முதல் ஆள் அவர்.

இரட்டையர் பிரிவும் இதே முறையில்தான் நடக்கிறது. அதில் இந்தியப் பெயர்களும் உண்டு. லியாண்டர் பயஸ், மகேஷ் பூபதி இணை பல ஆண்டுகள் ஆடியது. 2012-இல் பூபதியோடும், 2015-இல் ருமேனியாவின் ஃப்ளோரின் மெர்ஜியாவோடும் இணைந்து ரோகன் போபண்ணா இறுதி ஆட்டம் வரை போனார்.

இந்த முறையைத் தேர்வுக்கும் மதிப்பீட்டுக்கும் பொருத்திப் பேசலாம் என்று சிலருக்குத் தோன்றலாம். அது தனிக் கட்டுரைக்கான விஷயம். இங்கே விளையாட்டுத் திடலோடு நிற்கிறேன். குறுவட்டம், மாவட்டப் போட்டிகளின் விதிகள் நம் கையில் இல்லை. அங்கே நூற்றுக்கணக்கான பிள்ளைகள், ஒன்றிரண்டு நாட்கள். நாக்-அவுட்டைத் தவிர்ப்பது கடினம். ஆனால் பள்ளிக்குள் வகுப்புகளுக்கு இடையே நடத்தும் போட்டிகள் முழுக்க நம் கையில்தான் இருக்கின்றன. அங்கும் பழக்கத்தால் நாக்-அவுட்டையே வைக்கிறோம். கேட்டால், "நேரம் இல்லை டீச்சர்" என்பார்கள்.

நேரக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். எட்டு அணிகள், ஓர் ஆட்டத்துக்கு அரை மணி என்றால் நாக்-அவுட்டின் 7 ஆட்டங்களுக்கு 210 நிமிடங்கள். டூரின் முறையில் 15 ஆட்டங்கள். 210-ஐ 15-ஆல் வகுத்தால் 14 நிமிடங்கள். பாதிக்கு ஏழு நிமிடம் வைத்து ஆடினால் அதே மூன்றரை மணி நேரம். நாக்-அவுட்டில் நான்கு அணிகள் அரை மணி நேரத்தோடு முடிந்துவிடும். இங்கே கடைசி இடம் பெறுகிற அணியும் மூன்று ஆட்டம், 42 நிமிடம் களத்தில் இருக்கும். அணிகள் மாறும் இடைவெளி கூடுதலாகும் என்பது உண்மை. ஒரே நாளில் முடிக்காமல் இரண்டு நாள் கடைசிப் பாடவேளைகளில் பிரித்து வைத்துக்கொள்ளலாம். கபடிக்கும் கோகோவுக்கும் இது ஒத்துவரும். எங்கள் உடற்கல்வி ஆசிரியர் வளைபந்துக்கும் வைத்துப் பார்த்தார். அது இன்னும் எளிது, நேரத்துக்குப் பதில் புள்ளியைக் குறைத்தால் போதும்.

அட்டவணை போடுவதைப் பிள்ளைகளிடமே விடலாம். நான்கு அணிகளில் 'அ'வை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு மற்ற மூன்றையும் சுழற்ற வேண்டும். முதல் சுற்றில் அ–ஈ, ஆ–இ. இரண்டாம் சுற்றில் அ–இ, ஈ–ஆ. மூன்றாம் சுற்றில் அ–ஆ, இ–ஈ. ஆறு ஆட்டங்களும் வந்துவிடும், எந்த அணியும் ஒரே சுற்றில் இருமுறை ஆடாது. எட்டு அணிகளைப் பிரிக்கும்போது, சென்ற ஆண்டின் முதல் இரண்டு அணிகளை வெவ்வேறு பிரிவில் வையுங்கள். மீதியைக் குலுக்கிப் போடலாம். டூரினிலும் தரவரிசையில் முதல் இருவரை அப்படித்தான் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பிரிவின் மூன்றாவது சுற்றில் வருகிற இரண்டு ஆட்டங்களையும், இடம் இருந்தால், ஒரே நேரத்தில் நடத்துவது நல்லது. மற்ற ஆட்டத்தின் முடிவைப் பார்த்துவிட்டுத் தம் ஆட்டத்தைத் தீர்மானிக்கிற சபலம் அப்போது வராது.

சமநிலை வந்தால் என்ன விதி என்பதை முதல் ஆட்டத்துக்கு முன்பே எழுதி, திடலுக்குப் போகும் வழியில் உள்ள கரும்பலகையில் வைத்துவிடுங்கள். இருவர் சமமானால் நேருக்கு நேர் ஆட்டம். மூவர் சமமானால் எடுத்த புள்ளிகளின் சதவீதம். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் பிரிவுப் பட்டியலை நிரப்புகிற வேலையை, எந்த அணியிலும் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். சென்ற முறை அந்தப் பலகையைச் சுற்றித்தான் கூட்டம் அதிகம். அடுத்த ஆட்டத்தில் எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வென்றால் ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவு மேலே வரும் என்று, திடலின் ஓரத்தில் குச்சியால் மண்ணில் வகுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.